முடிகிற தீட்டும் முடியாத தீட்டும்

வாசகி கடிதம் (சுருக்கி): "வக்கீல் அக்காவுக்கு வணக்கம். நான் தக்கலை பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. 2020-ல் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் கொரோனா வந்தது. வாசலில் தகரம் அடித்தார்கள். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார். இந்த வருஷம் மகளிர் தினக் கூட்டத்தில், 'தீண்டாமை என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது' என்று பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த என் தோழி மட்டும் தட்டவில்லை. பிறகு கேட்டதற்கு, 'உங்களுக்கு 14 நாள்ல முடிஞ்சு போச்சுல்லாக்கா' என்றாள். மாமியிடம் இதைச் சொன்னேன். 'தீட்டு எல்லாருக்கும் உள்ளதுதான். எனக்கும் மாசம் மூணு நாள் இருந்தது. சாவு வீட்டுக்குப் போனா எல்லாரும்தான் குளிக்கோம். இதுல யாரைத் தாழ்த்தியாச்சு?' என்றார். எங்கள் விளையில் தேங்காய் வெட்ட வரும் பெரியவருக்குத் தனி கிளாஸ் வைத்திருப்பதும் அதே மாதிரி சுத்தத்துக்குத்தானாம். 'அவன் வேதக்காரன் (கிறிஸ்தவன்), அவனுக்கு ஏது சாதி' என்றும் சொல்கிறார். இத்தனைக்கும் நாங்கள் அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புப் பதிக்குப் போகிற குடும்பம். நான் பேசியது தவறா? தீண்டாமைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? சட்டம் என்ன சொல்கிறது?"

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கொரோனாக் காலமும் மேடைப் பேச்சும்தான் மனதில் நின்றன. இரண்டாம் தடவை அந்தக் கிளாஸ். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

உங்கள் தோழி சொன்னதுதான் சரி. நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டை ஊர் ஒதுக்கியது உண்மை. அது வலித்ததும் உண்மை. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது நோய்க்குப் பயந்து வந்த ஒதுக்கல். நோய் போனது, தகரத்தைக் கழற்றினார்கள், மறுபடியும் கல்யாண வீட்டுப் பந்தியில் உங்களுக்கு இலை விழுந்தது. தீண்டாமை அப்படிக் கழற்றுகிற தகரம் இல்லை. பிறக்கும்போதே வரும். குளித்தாலும் போகாது, படித்து வேலைக்குப் போனாலும் போகாது. பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் இந்தச் சொல்லைப் பாடப்புத்தகத்தின் தொடக்கத்தில் பார்த்திருப்போம். தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சிட்டிருக்கும். அது என்ன செயல் என்று மட்டும் அந்தப் பக்கத்தில் இருக்காது. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவும் அப்படித்தான். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது. தீண்டாமை என்றால் இன்னது என்று விளக்கவில்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோதே கே.டி. ஷா இந்தச் சந்தேகத்தை எழுப்பினார். விளக்கம் இல்லாமல் விட்டால், பெண்களைச் சில நாட்கள் தொடாமல் ஒதுக்கி வைப்பதும் தொற்றுநோய் வந்தவரைத் தனியாக வைப்பதும்கூட இதற்குள் வந்துவிடாதா என்றார். மதத்தாலோ சாதியாலோ யாரையும் தீண்டத்தகாதவராக நடத்தக் கூடாது என்று தெளிவாக எழுதிவிடலாம் என நசிருத்தீன் அகமது ஒரு திருத்தமே கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சொல் மேற்கோள் குறிக்குள் அப்படியே நின்றது.

பிறகு 1950-களில் மைசூர் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அந்த மேற்கோள் குறியைப் பிடித்துக்கொண்டது. குறிக்குள் இருப்பதால் அகராதியைப் பார்த்து இதற்கு அர்த்தம் சொல்லக் கூடாது, இந்த நாட்டில் வரலாறாக வளர்ந்து வந்த வழக்கம் எதுவோ அதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது என்றது. தொற்றுநோய்க்காக ஒதுக்குவது, பிறப்பு இறப்புத் தீட்டு, ஊர்ச் சண்டையில் வரும் விலக்கு எதுவும் இதில் சேராது என்றும் சொன்னது. உங்கள் மகளிர் தினப் பேச்சுக்கும் இதுதான் பதில், தங்கை.

இனி உங்கள் மாமி. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. தீட்டு என்ற சொல்லும் தீண்டு என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. மாதவிலக்கு, பிரசவம், சாவு, சாதி எல்லாவற்றையும் பழைய சாஸ்திரங்கள் ஒரே கூடையில்தான் போட்டன. மனு தர்மத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சுலோகம், யாரைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று ஒரு வரிசை சொல்கிறது. சண்டாளன், மாதவிலக்கான பெண், சாதியை விட்டு விலக்கப்பட்டவன், பிள்ளை பெற்றவள், பிணம், பிணத்தைத் தொட்டவன்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாதவிலக்கு சில நாளில் முடியும். பிள்ளை பெற்றவள் நாள் கணக்கு முடிந்தால் அடுக்களைக்கு வருவாள். பிணத்தைத் தொட்டவன் முங்கிக் குளித்தால் போதும். விலக்கப்பட்டவனுக்குக்கூடப் பல குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். சண்டாளன் ஒருவனுக்குத்தான் முடிவு நாள் இல்லை. அவன் எதையும் செய்ததால் வந்த தீட்டு இல்லை அது. அவன் யார் என்பதே தீட்டு. அதே நூலின் பத்தாம் அத்தியாயம் அவனுக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு என்று விதிக்கிறது. தொட்டவன் குளித்துவிட்டுப் போய்விடலாம், தொடப்பட்டவன் எத்தனை ஆறு குளித்தாலும் அவன் நிலை மாறாது. ஒருவருக்கு வந்து போகும் தீட்டு வேறு, ஒரு கூட்டத்தையே தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொள்கிற தீட்டு வேறு என்று அம்பேத்கரும் இதைத்தான் பிரித்துக் காட்டினார்.

உங்கள் மாமி மாதம் மூன்று நாள் பின்கட்டில் உட்கார்ந்தார். நாலாம் நாள் அதே அடுக்களையில் அவர்தான் அரசி. தேங்காய் வெட்ட வருகிற பெரியவருக்கு நாலாம் நாள் எப்போது?

நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். நம்ம குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் நாம் திருவிதாங்கூர். தீண்டாமை என்ற சொல்லே போதாமல் போன நாடு அது. தமிழில் தீண்டுவது என்றால் தொடுவது. பக்கத்து மலையாளத்தில் தீண்டல் என்றால் கிட்டே வந்தாலே படுகிற தீட்டு. தொட்டு வருவதற்குத் தனியாகத் தொடீல் என்று ஒரு சொல் இருந்தது. பொதுவாக அயித்தம் என்பார்கள், நம்ம மேற்குப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் கேட்கலாம். நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 காலடி, புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் பழைய பதிவுகளில் வருகிறது. கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் புரதவண்ணார் கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் வெளியே வராமல் இரவில் வேலை செய்தார்கள். 1932-ல்கூட அதைப் பற்றி நாளிதழில் செய்தி வந்தது. தொடுகிற தூரம், நடக்கிற தூரம், கண் எட்டுகிற தூரம். இவ்வளவையும் ஒரு 'தீண்டாமை' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டோம், அதனால்தான் சிலர் 'நான் எல்லாரையும் தொட்டுத்தான் பேசுகிறேன்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

தோள்சீலைக் கதையை உங்கள் மாமி பெருமையாகச் சொல்வார் என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டிய கதைதான். 1820-களில் தொடங்கி, சந்தையிலும் சாலையிலும் நாடார் பெண்களின் மேல்துணியைக் கிழித்தெறிந்து, அடித்து, வீடுகளையும் கிறிஸ்தவ ஆலயங்களையும் கொளுத்தி, கடைசியில் 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா அறிக்கை விட்ட பிறகுதான் அந்தப் பெண்கள் மேல்துணி போட முடிந்தது. அதற்கு நடுவில்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் இருந்தார். எல்லாச் சாதியாரும் ஒரே முத்திரிக் கிணற்றில் குளிக்க வேண்டும், ஒன்றாக இருந்து உண்ண வேண்டும் என்றார். தலையில் துண்டு கட்டக் கூடாது என்று விதித்திருந்த மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். இன்றைக்கும் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதானே போகிறார்கள். அந்தத் தலைப்பாகைக்கு அர்த்தம் இதுதான்.

அப்புறம் 1926-ல் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கிற உரிமைக்காக டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் சத்தியாகிரகம் இருந்தார்கள். கோயிலுக்குள் போகக்கூட இல்லை, தெருவில் நடக்க. 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது.

காந்தி 1925-ல் கன்னியாகுமரிக்கு வந்தபோது, கடல் தாண்டி இங்கிலாந்து போய் வந்தவர் என்று அம்மன் சன்னிதிக்குள் அவரை விடவில்லை. வெளியே சுற்றி வந்து கும்பிட்டார். பிரகடனத்துக்குப் பிறகு 1937 ஜனவரியில் வந்து உள்ளே போனார். அவருக்கும் வாசல் மறுக்கப்பட்டது, ஆனால் அதைத் தீண்டாமை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கடல் கடந்ததுதான் அங்கே குற்றம். அதே நாளில் அதே வாசலில், எங்கும் போகாத, எதுவும் செய்யாத ஒரு சாம்பவர் (பட்டியல் சாதி) சிறுவனுக்குக் காந்தி நின்ற இடத்துக்கு வரவே வழி கிடையாது. உங்கள் கொரோனா நாட்களுக்கும் உங்கள் தோழியின் வாழ்க்கைக்கும் இடையில் இருப்பது இந்த வித்தியாசம்தான்.

மாதவிலக்கைப் பற்றி மாமி சொன்னதை அப்படியே விட்டுவிட முடியாது, ஏனென்றால் உச்ச நீதிமன்றமே அதில் இரண்டாகப் பேசியிருக்கிறது. 2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்குவதும் தீட்டு என்கிற அதே எண்ணத்தில் வருவதுதான், அதனால் அதுவும் 17-வது பிரிவுக்குள் வரும் என்று எழுதினார். அதே அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, அந்தப் பிரிவு சாதித் தீண்டாமைக்கானது என்று மாறுபட்டார். மறுஆய்வில் கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. நான் என் கருத்தைச் சொல்கிறேன். பெண்ணை மூன்று நாள் பாயோடும் தட்டோடும் மூலையில் வைப்பது அநியாயம். என் அம்மா அப்படி இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அதை அதன் பெயரிலேயே எதிர்ப்போம். பெண் என்பதால் வரும் பாகுபாட்டைத் தடுக்க 15-வது பிரிவு இருக்கிறது. தீண்டாமை என்ற சொல்லை எல்லா அநியாயத்துக்கும் கடன் கொடுத்தால், அந்தச் சொல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அதற்குள் காணாமல் போவார்கள். உங்கள் கூட்டத்தில் நடந்ததும் அதுதானே. கை தட்டல் எல்லாம் உங்களுக்கு, சொல் மட்டும் அவருடையது.

இந்தக் கடன் இப்போது எங்கும் நடக்கிறது. கூட்டணி பேசும்போது 'எங்களுக்கு எந்தக் கட்சியும் தீண்டத்தகாத கட்சி இல்லை' என்கிறார்கள். பதவி கிடைக்காதவர் 'அரசியல் தீண்டாமை' என்கிறார். என்னிடமே ஒரு குடும்பம் வந்தது. ஊர்க் கமிட்டியோடு வரவு செலவுத் தகராறு, அதனால் ஊர்விலக்கு; கடையில் சாமான் கொடுப்பதில்லை, சாவுக்கு யாரும் வருவதில்லை. 'தீண்டாமைக் கேஸ் போடணும்மா' என்றார்கள். விலக்கி வைத்தவர்களும் விலக்கப்பட்டவர்களும் ஒரே சாதி. நடந்தது குற்றம்தான், வேறு சட்டங்களில் அதற்கு வழி தேடினோம். ஆனால் அபராதம் கட்டினால் அடுத்த நாளே அந்தக் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள ஊர் தயாராக இருந்தது. எவ்வளவு அபராதம் கட்டினால் தீண்டாமை போகும் என்று எந்தக் கமிட்டியாவது சொன்னதுண்டா?

சரி, கிளாஸ்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். சாயா குடித்ததும் அவரே கழுவி அங்கேயே வைத்துவிட்டுப் போவார் என்றும். சுத்தம்தான் காரணம் என்றால் ஒரு விஷயம் யோசியுங்கள். அவர் கையால் வெட்டிப் போட்ட தேங்காய் உங்கள் வீட்டுக் குழம்பில் விழுகிறது, பூஜைக்கும் போகிறது. அந்தக் கை தீட்டு இல்லை. அதே கை பிடித்த கிளாஸ் மட்டும் அடுக்களைக்குள் வரக் கூடாது. அவருடைய உழைப்பு உள்ளே வரலாம், அவர் வரக் கூடாது. அழுக்குக்கு இப்படி ஒரு கணக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர் சளி இருமலோடு வந்தாலும் அவருக்கு நல்ல கிளாஸில்தானே கொடுக்கிறீர்கள்? விருந்தாளி தன் கிளாஸைத் தானே கழுவி வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது உண்டா?

இன்னொன்றையும் உங்கள் கடிதத்தில் கவனித்தேன். அவருக்கு அறுபது வயது இருக்கும் என்கிறீர்கள். மாமி 'அவன்' என்கிறார். மூன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், 'தேங்கா வெட்டுகவன் வந்துட்டான்' என்கிறான். அவனுக்கு யாரும் சாதி சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். யாருக்கு 'அவர்', யாருக்கு 'அவன்' என்று நாக்கு கற்றுக்கொண்டுவிட்டது. கொத்தனார் வந்தால் 'மாமா' என்கிற பிள்ளைக்கு, இவரைப் பெயர் சொல்லலாம் என்று எப்படித் தெரிந்தது? வழக்கு நடத்தி எனக்குத் தெரிந்தவரை, கிளாஸை விட இந்த 'ன்'தான் கடைசியில் போகும். நம்ம மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 விழுக்காடு. பட்டியல் சாதி மக்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். 'இங்கே அதெல்லாம் எங்கே இருக்கு' என்று படித்தவர்கள் சொல்ல அதுவே வசதியாகிவிடுகிறது. நான்கு பேர் சொல்வது தொண்ணூற்றாறு பேர் காதில் விழுவது கடினம்.

சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டீர்கள். 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது, 1976 திருத்தத்தோடு அதன் பெயர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. சாயாக்கடையில் தனி கிளாஸ் வைத்தால் அதன் 4-வது பிரிவில் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமை காரணமாகத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது செய்தவர் பொறுப்பு. அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்கும்படி பிறரைத் தூண்டுவது குற்றம். வரலாறு, தத்துவம், மதம், சாதி மரபு என்று எதைக் காட்டி அதை நியாயப்படுத்தினாலும் அதுவும் தூண்டுவதாகவே கொள்ளப்படும் என்கிறது. 'எங்க வழக்கம்' என்ற பதில் வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. ஆனால் அதில் அவமதிப்பைக் குற்றமாக்கும் பிரிவுக்குப் பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடைக்கு உள்ள 4-வது பிரிவும் வீட்டு அடுக்களைக்கு நேராக வராது. அதனால் உங்கள் வீட்டுக் கிளாஸுக்காக நாளைக்கே போலீஸ் வரும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். போலீஸ் வராது என்பதால் அது தீண்டாமை இல்லை என்று ஆகிவிடாது. 'எந்த வடிவிலும்' என்று 17-வது பிரிவு சொன்னதில் உங்கள் துவைக்கிற கல்லும் சேர்த்திதான்.

அவர் வேதக்காரர், அவருக்கு ஏது சாதி என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியில் வர முடியும். சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான குடும்பம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். அதனால் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிடைப்பது கடினம். இது நம்ம மாவட்டத்துக்கு ரொம்பப் பெரிய விஷயம். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கமே மயிலாடியில் மகராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவரிடமிருந்துதான். இருநூறு வருஷத்துக்கு மேலாக வேதம் படிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. காகிதத்தில் அவர்களுக்குப் பட்டியல் சாதி இல்லை. உங்கள் மாமி காகிதத்தைப் பார்த்தா கிளாஸைப் பிரித்து வைத்தார்? அவருக்குச் சாதி இல்லை என்றால் அந்தக் கிளாஸ் எதற்கு என்று மட்டும் கேளுங்கள்.

இனி என்ன செய்யலாம். தோழியிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். 'நீ சொன்னது சரி, நான் அந்தச் சொல்லை எடுத்திருக்கக் கூடாது' என்பது போதும். அதற்குப் பிறகு அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். தன் கதையைச் சொல்லி உங்களுக்குப் புரியவைப்பது அவர் வேலை இல்லை. முடிந்தால் அடுத்த கூட்டத்தில் உங்கள் பேச்சை நீங்களே திருத்திச் சொல்லுங்கள். கை தட்டியவர்களும் கேட்க வேண்டும்.

மாமியோடு சண்டை போடாதீர்கள், அந்த மூன்று நாள் மூலையில் அவரும் வெட்கத்தோடுதான் இருந்திருப்பார். தனக்கு நடந்ததை எல்லோருக்கும் உள்ளதுதான் என்று சொல்லித்தான் அவரால் தாங்க முடிந்திருக்கும். ஓய்வாக இருக்கும் ஒரு சாயங்காலம், தோள்சீலைக் கதையை உங்கள் மகனுக்குச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கதை முடிந்ததும் ஒரே கேள்வி: 'மாமி, அந்தப் பெண்கள் எல்லாம் குளித்துச் சுத்தமாகத்தானே சந்தைக்குப் போனார்கள்?' அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

கிளாஸை யாரையும் கேட்காமல் எடுத்துவிடுங்கள். ஒரே மாதிரி ஆறு எவர்சில்வர் தம்ளர் வாங்கி, எல்லோருக்கும் அதுவே என்று வையுங்கள். ஆனால் அந்தப் பெரியவரை வைத்து ஒரு சடங்கு நடத்திவிடாதீர்கள். உள்ளே வாங்க, நாற்காலியில் உட்காருங்க என்று எல்லோர் முன்னாலும் வற்புறுத்தினால் அவர்தான் கூசிப் போவார். நாற்பது வருஷம் மரம் ஏறி இறங்கிய மனிதருக்கு எந்த வீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்று அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கும்; அதில் அவருடைய மானமும் இருக்கும். திண்ணையில் அவர் உட்கார்ந்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் சாயாவைக் குடியுங்கள். குடித்து முடித்ததும் அவர் எழுந்து கழுவப் போவார். 'கொடுங்க' என்று கை நீட்டி வாங்கி, உங்கள் தம்ளரோடு சேர்த்து உள்ளே கொண்டுபோங்கள்.

உங்கள் தோழிக்குப் பள்ளியில் எப்போதாவது சாதி சொல்லித் தொல்லை வந்தால், மாவட்டக் காவல்துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு இருக்கிறது, 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி மையத்தில் இலவச வக்கீல் கிடைப்பார். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். இதை அவராகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த வெட்டு ஆடி மாதக் கடைசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் உங்கள் மகனுக்கு அவரைத் 'தாத்தா' என்று கூப்பிடப் பழக்கிவிடுங்கள். முதலில் நீங்கள் அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட வேண்டும், மாமி காதில் விழும்படி.